ஃபார்பிடன் மெமரீஸ்: திட்டிக்கொண்டே ஆடிய கேம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் பிளேஸ்டேஷனில் யூ-கி-ஓ! ஃபார்பிடன் மெமரீஸ் ஆடிய இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு வசவில்தான் ஆரம்பிக்கும். "கடைசியில் சேவ் பண்ணவே விடமாட்டான்", "ஒரே ஒரு கார்டுக்காக ஒரு முழுப் பரீட்சை லீவு போச்சு" என்று புலம்புவார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இருவரும் தங்கள் பழைய டெக்கை, அதாவது கார்டுக் கட்டை, கார்டு கார்டாக ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கும், ஆடியவர்கள் தங்களுக்குள் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் சில விஷயங்களுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படித்தாலே தெரிந்துவிடும்.

இது என்ன கேம்? எப்போது வந்தது?

கொனாமி நிறுவனம் முதல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட கார்டு சண்டை கேம். ஜப்பானில் 1999 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவுக்கு வரும்போது 2002 மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் பிளேஸ்டேஷன் 2 வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதால், மேற்கு நாட்டுக்காரர்களுக்கு இது பிறந்த அன்றே கிழடு. மொத்தம் 722 கார்டுகள். 40 கார்டு கொண்ட ஒரு டெக்கைக் கட்டிக்கொண்டு, எதிராளியின் 8000 உயிர்ப்புள்ளிகளைப் பூஜ்யமாக்க வேண்டும்.

இரண்டு பேர் மோதும் வசதியும் கார்டு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. அதற்கு நண்பனும் தன் மெமரி கார்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லோரும் இதைத் தனியாக, அதுவும் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஆடியவர்கள்.

எனக்கு நிஜ யூ-கி-ஓ கார்டு விளையாட்டு நன்றாகத் தெரியும். அது போதுமா?

போதாது. சொல்லப்போனால், அது தெரிந்திருப்பது முதல் ஒரு மணி நேரத்துக்குத் தொல்லைதான்.

நிஜ விளையாட்டில் பெரிய மான்ஸ்டரை இறக்கச் சின்ன மான்ஸ்டரைப் பலி கொடுக்க வேண்டும். இங்கே பலியே கிடையாது. 3000 அட்டாக் உள்ள புளூ-ஐஸ் ஒயிட் டிராகன் கையில் இருந்தால் முதல் முறையிலேயே மேசையில் வைக்கலாம். ஒரு முறைக்கு ஒரு கார்டு, அல்லது ஒன்றாகச் சேர்த்த கார்டுகள், அவ்வளவுதான். அடுத்த முறை வரும்போது கை மறுபடி ஐந்து கார்டாக நிரம்பிவிடும். நான்கைத் தூக்கிப் போட்டாலும் நான்கு வரும், ஒன்றைப் போட்டால் ஒன்றுதான் வரும். இந்தச் சின்ன விதியில்தான் கேமின் சூட்சுமமே இருக்கிறது. கையை வேகமாகக் காலி செய்கிறவனுக்கு நல்ல கார்டு சீக்கிரம் வரும், ஆனால் டெக்கும் சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்தால் தோல்வி.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் காலம்தான். கசுகி தகஹாஷியின் யூ-கி-ஓ மங்கா (ஜப்பானியப் படக்கதை) 1996-ல் தொடங்கியது. கொனாமியின் நிஜக் கார்டு விளையாட்டு ஜப்பானில் வந்ததே 1999-ல். இந்த கேமின் விதிகள் அதைவிடக் கொனாமியின் முந்தைய கேம் பாய் கார்டு கேம்களுக்குத்தான் நெருக்கம்.

ஃப்யூஷன், ஃப்யூஷன் என்று எல்லோரும் உருகுகிறார்களே, அதில் அப்படி என்ன?

கையில் இருக்கும் கார்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் அவை இணைந்து வேறொரு மான்ஸ்டராக மாறும். நிஜ விளையாட்டில் இதற்குத் தனியாக ஒரு மாயக் கார்டு வேண்டும். இங்கே எதுவும் வேண்டாம். டிராகனையும் இயந்திரத்தையும் சேர்த்தால் மெட்டல் டிராகன், டிராகனோடு செடியைச் சேர்த்தால் 2100 அட்டாக் உள்ள ஜங்கிள் கிங், கல்லோடு பெண்ணைச் சேர்த்தால் அதே 2100-க்கு மிஸ்டிகல் சாண்ட். கையில் இருக்கும் ஐந்தும் 500, 700 என்று இளைத்துக் கிடக்கும். சேர்க்கத் தெரிந்தவன் அதிலிருந்து ஒரு ராட்சசனை எழுப்பிவிடுவான்.

அழகே என்னவென்றால், எது எதோடு சேரும் என்று கேம் சொல்லவே சொல்லாது. பட்டியல் கிடையாது, குறிப்பு கிடையாது. "பெண்" என்பது கார்டில் எழுதியிருக்கும் வகைகூட அல்ல. கார்டில் ஸ்பெல்காஸ்டர் என்றோ தேவதை என்றோ போட்டிருக்கும். படத்தைப் பார்த்து நாமாகப் பிடிக்க வேண்டும். தப்பாகச் சேர்த்தால் முதலில் வைத்த கார்டு குப்பைக்குப் போகும், பின்னால் வைத்தது மட்டும் நிற்கும். ஆக ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கார்டு காணிக்கை.

நானும் என் அத்தை மகனும் இதற்காகக் கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தோம். இடப்பக்கம் ஒரு வகை, நடுவில் கூட்டல் குறி, வலப்பக்கம் இன்னொரு வகை, அப்புறம் விடை. சேராதவற்றுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. வருஷக் கடைசியில் முன்பக்கமிருந்து வந்த கணக்கும் பின்பக்கமிருந்து வந்த டிராகன்களும் நடுவில் சந்தித்துக்கொண்டன. வேறு ஊர்க்காரர்களிடம் பேசும்போதும் இதேபோல ஒரு நோட்டுக் கதை வந்துவிடுகிறது.

இந்த கேமைப் பற்றிய கருத்துகள் இரண்டாகப் பிளப்பதற்கு இதுதான் மூல காரணம் என்பது என் எண்ணம். ஃப்யூஷன்களைத் தானே கண்டுபிடித்தவர்கள் இதைக் காலத்துக்கும் மன்னித்துவிடுகிறார்கள். முழுப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடியவர்களுக்கு மிஞ்சுவது ஒரே சண்டையை நூறு முறை போடும் வேலை மட்டும்தான். அவர்கள் திட்டுவதில் தவறே இல்லை.

எல்லோரும் இரட்டைத்தலை இடி டிராகனையே சொல்கிறார்களே, ஏன்?

ட்வின்-ஹெடட் தண்டர் டிராகன். அட்டாக் 2800. ஒரு டிராகன், ஒரு இடி வகை மான்ஸ்டர், இரண்டும் சேர்ந்ததும் வரும் தண்டர் டிராகன் மேல் இன்னொன்று. மூன்று சாதாரண கார்டுகளில் புளூ-ஐஸுக்கு வெறும் 200 குறைவான ஒரு மிருகம் வந்து நிற்கும். கேமின் முதல் பாதியில் இதற்கு எதிரே நிற்க ஆளே கிடையாது.

அதனால் கிட்டத்தட்ட எல்லோருடைய டெக்கும் ஒரே ஜாடையில் இருக்கும். பாதி டிராகன், பாதி இடி, இடுக்கில் சில மாயக் கார்டுகள். "722 கார்டு கொடுத்துவிட்டு இருபதைத்தான் ஆட வைக்கிறான்" என்பது ரொம்பப் பழைய புகார், நியாயமான புகாரும்கூட. பூச்சி டெக், மீன் டெக் என்று ஆசையாகக் கட்டி ஆடியவர்களை எனக்குத் தெரியும். கேமின் நடுப்பகுதி தாண்டியதும் அவர்களும் வேறு வழியில்லாமல் இடி டிராகனிடம் வந்து சேர்ந்தார்கள்.

காவல் நட்சத்திரம் என்று ஒன்று கேட்கிறதே, அதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. பெரும்பாலானோர் சின்ன வயதில் பார்க்காமலே பட்டனை அழுத்திய இடம் இது. ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் இரண்டு கிரகங்களைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும். மொத்தம் பத்து, இரண்டு வட்டங்கள். சூரியன் சந்திரனை வெல்லும், சந்திரன் வெள்ளியை, வெள்ளி புதனை, புதன் சூரியனை. இன்னொரு வட்டத்தில் செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், புளூட்டோ, நெப்டியூன், அங்கிருந்து மறுபடி செவ்வாய். சரியான நட்சத்திரம் அமைந்தால் சண்டையில் 500 கூடும்.

500 என்பது சின்னத் தொகை அல்ல. எதிராளியின் கேட் கார்டியன் 3750-ல் வந்து நிற்கும்போது நம் இரட்டைத்தலை டிராகனுக்கு மெகாமார்ஃப் என்ற, வலுவைக் கூட்டும் கார்டைப் போட்டால் 2800-ஓடு 1000 சேர்ந்து 3800. வெறும் 50 புள்ளியில் ஜெயிக்கலாம். நட்சத்திரம் எதிராகப் போனால் அந்த 50 போய்ச் சேர்ந்த இடமே தெரியாது. நம் வீடுகளில் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பெரியவர் யாராவது இதை ஆடியிருந்தால் எங்களை எல்லாம் தோற்கடித்திருப்பார்.

புளூ-ஐஸ் ஒயிட் டிராகனின் விலை 999,999 என்கிறார்களே, நிஜமா, அச்சுப்பிழையா?

நிஜம். நிஜக் கார்டுகளின் மூலையில் எட்டு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். அதை கேமில் அடித்து, ஸ்டார்சிப் என்ற காசைக் கொடுத்தால் அந்தக் கார்டு நம்முடையது. ஒரு எண் ஒரு முறைதான் செல்லும். புளூ-ஐஸின் எண் 89631139. அடித்துவிட்டு விலையைப் பார்த்தால் 999,999.

ஒரு டூயலை (ஒரு சண்டையை) எவ்வளவு பிரமாதமாக ஜெயித்தாலும் கிடைப்பது 5 ஸ்டார்சிப். கணக்குப் போடுங்கள். இரண்டு லட்சம் வெற்றி வேண்டும். ஒரு டூயலுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் பத்தாயிரம் மணி நேரம். சாப்பிடாமல் தூங்காமல் உட்கார்ந்தால் 416 நாள்.

பல வலுவான கார்டுகளுக்கு இதே விலைதான். விற்க மனமில்லாத கடைக்காரர் சொல்லும் விலை மாதிரி. இது வேடிக்கையா, கொடுமையா என்று ஆடியவர்களிடையே இன்னும் முடிவாகவில்லை. பத்து வயதில் எனக்குக் கொடுமையாகப்பட்டது. இப்போது சிரிப்பு வருகிறது. அமெரிக்கப் பதிப்பின் பெட்டியில் மூன்று நிஜக் கார்டுகளை வைத்துக் கொடுத்தார்கள். கார்டு வாங்கினால் கேமுக்கு எண், கேம் வாங்கினால் கையில் கார்டு. வியாபாரம் நன்றாகத் தெரிந்தவர்கள்.

அப்படியென்றால் நல்ல கார்டு எப்படித்தான் கிடைக்கும்?

ஜெயிக்க வேண்டும். ஒரு வெற்றிக்கு ஒரே ஒரு கார்டு. எது விழும் என்பது எதிராளி யார், நம் தரவரிசை என்ன என்பதைப் பொறுத்தது.

தரவரிசையில் ஒரு திருகல் உண்டு. எஸ், ஏ, பி, சி, டி என்று எழுத்துகள். பக்கத்தில் பவ் (பவர்) அல்லது டெக் (டெக்னிக்; கார்டு டெக் அல்ல). சட்டுப்புட்டென்று, கார்டை வீணாக்காமல் அடித்து முடித்தால் பவ் பக்கம் போகும். இழுத்தடித்து, பொறியும் மாயமும் ஃப்யூஷனும் நிறையப் பயன்படுத்தி ஜெயித்தால் டெக். ஒவ்வொரு எதிராளியிடமும் மூன்று மூட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த பவ்வுக்கு ஒன்று, உயர்ந்த டெக்குக்கு ஒன்று, நடுவில் தடுமாறியவர்களுக்கு ஒன்று. கையேட்டிலோ திரையிலோ இதற்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. பிற்பாடு கேமின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தவர்கள்தான் ஒவ்வொரு கார்டும் 2048-ல் இத்தனை பங்கு என்று முழு அட்டவணையை வெளியே கொண்டுவந்தார்கள்.

அதில் பெயர்பெற்ற யாத்திரைத் தலம் மெடோ மேஜ். எகிப்துப் பகுதியில் வரும் மந்திரவாதிகளில் ஒருவர். அவரை உயர்ந்த பவ் தரத்தில் வென்றால் 3500 அட்டாக் உள்ள மெட்டியர் பி. டிராகன் விழலாம். விழலாம் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அவரோடு சண்டை போட்டே தேய்ந்துபோன பட்டன்கள் உலகத்தில் எத்தனையோ.

இவ்வளவு கிரைண்டிங் (ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுவது) நேர விரயம்தானே?

ஆமாம்.

ஆனால் அன்றைக்கு எங்களிடம் நேரம்தான் இருந்தது, கேம் இல்லை. இருந்தது இரண்டோ மூன்றோ டிஸ்க். அவற்றில் ஒன்றில் கீறல். அப்படிப்பட்ட நிலையில் முடியவே முடியாத கேம் ஒரு வரம். இன்றைக்கு வேலைக்குப் போய்விட்டு வந்து இரவு ஒரு மணி நேரம் ஆடுகிறவரிடம் "மெடோ மேஜை இருநூறு முறை அடி" என்றால் அவர் நம்மைத்தான் அடிப்பார். ஒரே கேமைப் பற்றி "பொற்காலம்" என்றும் "சித்திரவதை" என்றும் கேட்க நேர்வதில் வியப்பில்லை. இரு தரப்பும் ஆடியது ஒரே டிஸ்க், வயதுதான் வேறு.

ஒன்று மட்டும் சொல்வேன். கார்டு விழும் அந்த ஒரு விநாடி இருக்கிறதே, அதை வடிவமைத்தவர் கெட்டிக்காரர். வழக்கமான குப்பைக்கு நடுவே ஒருநாள் மெகாமார்ஃப் வந்தது. நான் கத்திய கத்தில் பாட்டி விழித்துக்கொண்டார்.

கதை எப்படி?

எதிர்பார்ப்பதைவிட நன்றாக இருக்கும். நாம் பழைய எகிப்தின் இளவரசன். ஆசிரியர் சைமன் மூரான் கண்ணில் படாமல் அரண்மனையை விட்டு நழுவிப்போய் ஊருக்குள் சீட்டாடுகிற ஆள். ஹெய்ஷின் என்ற மந்திரவாதி அரண்மனையைப் பிடிக்கிறான். இளவரசனின் ஆன்மா மில்லினியம் புதிருக்குள் அடைபட்டு, ஐயாயிரம் ஆண்டு கழித்து மங்காவின் நாயகன் யூகியின் கையில் விழிக்கிறது. அங்கே ஒரு நவீனப் போட்டி. ரெக்ஸ் ராப்டர், வீவில், மாய், பெகசஸ், கைபா என்று டிவியில் பார்த்த முகங்கள் வரிசையாக வருவார்கள். அப்புறம் மறுபடி எகிப்து, ஐந்து கோயில்கள், மந்திரவாதிகள், கடைசிக் கணக்கு.

மங்காவில் எகிப்துக் கதை முழுதாக விரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்த கதை இது. அதனால் இரண்டும் ஒட்டாது. மங்கா ரசிகர்கள் சிலருக்கு இது உறுத்தல். எனக்கு, ஒரே புராணத்தை இரண்டு ஊர்க் கூத்துக்காரர்கள் இரண்டு விதமாக ஆடுவதுபோல இருக்கும்; இரண்டும் பிடிக்கும்.

நவீனப் போட்டிப் பகுதிதான் பலவீனம். ஒருவர் வருவார், இரண்டு வரி பேசுவார், தோற்பார், அடுத்தவர். எகிப்துப் பகுதியில் இருக்கும் இசையும் அந்த மங்கலான மஞ்சள் வெளிச்சமும் அங்கே காணாமல்போய்விடுகின்றன.

கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா?

அதன் டெக் நம்முடையது மாதிரி அமைத்து வைத்த டெக் அல்ல. ஒவ்வொரு டூயலுக்கும் அந்த எதிராளிக்கான கார்டுக் குவியலிலிருந்து புதிதாக எடுக்கப்படுகிறது. கடைசி எதிராளிகளின் குவியலில் நாம் கனவில்கூடப் பார்க்காத கார்டுகள் கிடக்கின்றன. ஏமாற்று என்பதைவிட, பணக்கார வீட்டுப் பையனோடு ஆடுவது மாதிரி என்று சொல்லலாம்.

கடைசிக் கட்டம் நிஜமாகவே அவ்வளவு மோசமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வது எனக்குச் சிரமம்.

கடைசியில் ஆறு டூயல். செபெக், நெக்கு என்ற இரண்டு காவலர்கள், ஹெய்ஷின், செட்டோ, டார்க்நைட், நைட்மேர். நடுவில் சேவ் கிடையாது. ஒன்றில் தோற்றாலும் முதல் காவலரிடமிருந்து மறுபடி ஆரம்பம். எதிரே வரும் கார்டுகள் 3750-க்கு கேட் கார்டியன், 4500-க்கு புளூ-ஐஸ் அல்டிமேட் டிராகன் என்ற உயரத்தில் இருக்கும்.

கணக்கை வைத்துப் பார்த்தால் கொடுமை இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு டூயலிலும் நூற்றுக்கு எண்பது முறை ஜெயிக்கும் அளவுக்கு நல்ல டெக் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறையும் தொடர்ந்து ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. தொண்ணூறு முறை ஜெயிக்கும் டெக் இருந்தாலும் 53 தான், அதாவது காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். எழுபது என்றால் 12. நாங்கள் எல்லாம் அந்த எழுபதுக்கும் கீழே.

"இதுதான் சவால், எளிதாக முடிந்தால் நினைவிருக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இதில் மட்டும் அவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. கடினம் என்றால் யோசிக்க வைக்க வேண்டும். இங்கே யோசிக்க ஒன்றுமில்லை. முதல் கையில் நல்ல கார்டு வந்ததா, எதிராளிக்கு அல்டிமேட் டிராகன் வந்ததா என்பதுதான் எல்லாம். நடுவில் ஒரே ஒரு சேவ் கொடுத்திருந்தால் போதும், இந்த கேமைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் காணாமல்போயிருப்பார்கள்.

ஆனால் டார்க்நைட் வரும் காட்சி மட்டும் பிரமாதம். தன்னை வரவழைத்த ஹெய்ஷினையே கார்டாக மாற்றி எரித்துவிடுவான். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு தோற்றால் வரும் எரிச்சல் இருக்கிறதே, அது தனி ரகம்.

நான் சின்ன வயதில் முடிக்கவே இல்லை. நான் மட்டும்தானா?

இல்லை. நானும் இல்லை. ஒரு பிரவுசிங் சென்டரில், எமுலேட்டர் (பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) போட்ட ஒரு கம்ப்யூட்டரில் நானும் அத்தை மகனும் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த சேவ், வைரஸ் வந்ததென்று மொத்தத்தையும் ஃபார்மட் செய்தபோது போனது. அப்போது இரண்டாவது காவலரைத் தாண்டியிருந்தோம். அதன்பின் பல வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. முடித்தது இருபத்தெட்டாவது வயதில்.

பொதுவாக "முடித்தேன்" என்று சொல்பவரைவிட "கடைசி வரை போனேன்" என்று சொல்பவரே அதிகம். "முடித்தேன்" என்பவரிடம் மெட்டியர் பி. டிராகன் எத்தனை இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று என்றால் நம்பலாம். ஒரு டெக்கில் ஒரே கார்டு மூன்றுக்கு மேல் வைக்க முடியாது.

மாட் (ரசிகர்கள் மாற்றியமைத்த பதிப்பு) போட்டு ஆடலாமா? அது அசலைக் கெடுப்பது ஆகாதா?

ஆடலாம். ஒரு வெற்றிக்கு ஒரு கார்டுக்குப் பதில் பதினைந்து கார்டு தரும் மாட் ஒன்று ரொம்பப் பிரபலம். எதிராளிகளையும் ஃப்யூஷன்களையும் மாற்றியமைத்த மாட்களும் இருக்கின்றன. பிரேசிலில் இந்த கேமுக்கு இருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். மாட் செய்வது, வேகமாக முடிக்கும் பந்தயம் வைப்பது என்று அங்கே இது இன்னும் நடமாடும் கேம்.

சுத்தம் பார்ப்பவர்கள் பதினைந்து கார்டு மாட்டை ஏற்பதில்லை. முதல் முறை ஆடுபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். இரண்டாவது முறை ஆட மனமிருந்தால் அசலை ஆடிக்கொள்ளட்டும். மனமிருக்காது.

இப்போது இதைச் சட்டப்படி எங்கே வாங்குவது?

பழைய டிஸ்க் கிடைத்தால் உண்டு. 2025 பிப்ரவரியில் கொனாமி பழைய யூ-கி-ஓ கேம்கள் பதினான்கைச் சேர்த்து எர்லி டேஸ் கலெக்‌ஷன் என்று வெளியிட்டது. அறிவிப்பு வந்தபோது நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. எல்லாம் கேம் பாய் வரிசை கேம்கள். இது அதில் இல்லை.

இது பிடித்திருந்தால் அடுத்து என்ன ஆடலாம்?

டூயலிஸ்ட்ஸ் ஆஃப் தி ரோசஸ், பிளேஸ்டேஷன் 2-ல். இங்கிலாந்தின் ரோஜாப் போர்களை எடுத்துக்கொண்டு அதற்குள் கைபாவையும் யூகியையும் வேஷம் கட்டி நிறுத்தியிருப்பார்கள். கார்டுகள் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் நகரும். இதைவிட யோசிக்க வைக்கும் கேம், ஆனால் மெதுவாக நகரும். பழைய இடி டிராகன் ஞாபகத்தில் போகிறவர்களுக்கு முதல் நாள் ஏமாற்றமாக இருக்கும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் ஆடுவானா?

அக்கா மகனிடம் கொடுத்துப் பார்த்தேன். முப்பரிமாணச் சண்டைக் காட்சியைப் பார்த்துச் சிரித்தான். "இது என்ன மாமா, களிமண்ணுல செஞ்ச மாதிரி இருக்கு" என்றான். ஊருக்குள் முதல் எதிராளியிடமே இரண்டு முறை தோற்றான். போனில் ஃப்யூஷன் பட்டியல் தேடப்போனவனிடம் அரை மணி நேரம் மட்டும் தேடாமல் ஆடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஆடினான்.

கொஞ்ச நேரம் கழித்து அறையிலிருந்து சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேசை மேல் மிஸ்டிகல் சாண்ட். எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. கையில் இருந்த கடைசி இரண்டை எரிச்சலில் சேர்த்திருக்கிறான். "கல்லும் பொண்ணும் சேர்ந்தா ஏன் மாமா மணலு?" என்று கேட்டான். இருபது வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. எழுதி வைத்துக்கொள் என்றேன். "எதுல?" என்றான். வீட்டில் நோட்டு இல்லை. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தைக் கொடுத்தேன்.